விலை போகாத மீன்களுக்கு ஒரு கண்ணாடி வீடு! மண்டபம் கரையில் மீன் சேகரிக்கும் கதை

பொழுது புலர்ந்து வெயில் ஏறத் தொடங்கும் நேரம். மண்டபம், பாம்பன் கரையோரத்தில் இரண்டு வரிசையாக நின்று ஆட்கள் கயிறு இழுக்கிறார்கள். படகில் போய் அரைவட்டமாக விட்டுவந்த கரைவலை மெல்ல மெல்லக் கரையை நெருங்குகிறது. இரண்டு வரிசைகளுக்கும் இடையே இருந்த தூரம் குறையக் குறைய, வலையின் மடி தண்ணீருக்கு மேல் வெள்ளியாக மின்னத் தொடங்குகிறது.

மடி மணலுக்கு வந்ததும் கைகள் வேகமாக வேலை செய்கின்றன. நெத்திலி ஒரு கூடைக்கு, சாளை இன்னொரு கூடைக்கு, காரல் தனியாக, நாலைந்து பாறை மீன் கிடைத்தால் அது தனியாக. பத்துப் பதினைந்து நிமிடங்களில் விலை போகும் மீன்கள் எல்லாம் ஏலத்துக்குக் கிளம்பிவிடும்.

மணலில் மிச்சம் கிடப்பதுதான் கழிசல். விரல் நீளக் கீச்சான், பந்து மாதிரி உப்பிக் கிடக்கும் பேத்தை, தோல் தடித்த கிளாத்திக் குஞ்சு, பெயர் தெரியாத வரிக்குதிரைக் கோடு போட்ட ஏதோ ஒன்று. கொஞ்சம் கருவாட்டுக்கும், கொஞ்சம் கோழித் தீவனத்துக்கும் போகும். மீதி காக்கைக்கும் நாய்க்கும்.

கடல்மீன் காட்சியகத்துக்காகவும் ஆய்வுக்காகவும் மீன் சேகரிப்பவர்களுக்கு இந்தக் கழிசல்தான் பொக்கிஷம். கையில் ஒரு வாளி, பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப், மெல்லிய துணி வலை. இவ்வளவுதான் அவர்களுடைய ஆயுதங்கள். இங்கே போட்டி விலையோடு இல்லை. நேரத்தோடு! மடி திறந்த சில நிமிடங்களுக்குள் வாளிக்கு வந்த மீன்தான் பிழைக்கும்.

இரண்டு கடல், ஒரு கரை

ராமேஸ்வரம் செல்லும் ரயிலில் பாம்பன் பாலத்துக்குச் சற்று முன்னால் வருகிறது மண்டபம் கேம்ப் நிலையம். பெரும்பாலான பயணிகள் இங்கே இறங்குவதில்லை. பாலத்தைப் பார்க்க ஜன்னலோரம் இடம் பிடிப்பதிலேயே கவனமாக இருப்பார்கள். ஆனால், கடலைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்களுக்கு இந்த ஊரைப்போல ஒரு இடம் தமிழ்நாட்டில் வேறு இல்லை.

காரணம் எளிது. இங்கிருந்து வடக்கே நடந்தால் பாக் விரிகுடா. தெற்கே நடந்தால் மன்னார் வளைகுடா. இரண்டுக்கும் நடுவே இருப்பது நடந்து கடக்கிற தூரம்தான்.

வடக்குக் கடல் ஆழம் குறைந்தது. அடியில் சேறும் மணலும். அதன்மேல் வயல் மாதிரி விரிந்து கிடக்கும் கடல் புல். கடல் பசு மேய்வதும், கடல் குதிரை வாலைச் சுற்றிக்கொண்டு நிற்பதும் இந்தப் புல்லில்தான். கடல் பசுவுக்காகவே பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-ல் பாதுகாப்பகமாக அறிவித்தது தமிழக அரசு.

தெற்குக் கடலின் முகம் வேறு. இங்கே தூத்துக்குடி வரைக்கும் நீளும் 21 தீவுகளும், அவற்றைச் சுற்றிய பவளப் பாறைகளும் சேர்ந்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பாறை இடுக்குகளில் கிளி மீன், கலவா, ஒரா, அஞ்சாலை எனக் குடும்பம் குடும்பமாக மீன்கள்.

காற்றும் இந்த இரண்டு கடல்களையும் முறை வைத்து ஆள்கிறது. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவத்தில் வடக்குக் கடல் கொந்தளிக்கும், தெற்கு அடங்கிக் கிடக்கும். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தலைகீழ். மீனவர்கள் காற்றைப் பார்த்துக் கடலை மாற்றிக்கொள்கிறார்கள். மீன் சேகரிப்பவர்களும் அப்படியே. வருடம் முழுக்க ஏதாவது ஒரு பக்கம் கலங்காத தண்ணீர் கிடைக்கும் ஊர் இது.

தரங்கம்பாடியிலிருந்து பெர்லினுக்குப் போன கத்தாழை

தமிழ்நாட்டுக் கரையில் மீன் சேகரிப்பது நேற்று வந்த பழக்கம் அல்ல. 1771-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், இங்கே கிடைத்த மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த மீனியல் அறிஞர் மார்கஸ் பிளாக்குக்கு அனுப்பினார். பிளாக் அவற்றை வரைந்து, விவரித்து, பெயர் சூட்டினார். நாம் குழம்பு வைத்துச் சாப்பிடும் கத்தாழை மீன் வகை ஒன்றுக்கு அவர் வைத்த பேரினப் பெயர் ‘ஜானியஸ்’. மீன் அனுப்பிய பாதிரியாரின் பெயர்! அதில் ஓர் இனத்தின் பெயர் ‘கருத்தா’. அது ‘கறுத்த’ என்ற நம் தமிழ்ச் சொல்லிலிருந்து போனது. தரங்கம்பாடிக் கரையில் யாரோ ஒரு மீனவர் சொன்ன சொல், 1793 முதல் உலகம் முழுக்க மீன் நூல்களில் இருக்கிறது. பிளாக்கின் சேகரிப்பில் எஞ்சிய மீன்கள் இன்றும் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

அடுத்து வந்தவர் பிரான்சிஸ் டே. மெட்ராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்தவர். இந்திய மீன்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. இந்திய மீன்களைப் பற்றி ஆராய்பவர்கள் இன்றும் அதைப் புரட்டாமல் இருப்பதில்லை.

இவர்கள் சேகரித்ததெல்லாம் பாட்டிலுக்குள் போன மீன்கள். உயிரோடு நீந்தும் மீனை மக்களுக்குக் காட்டும் ஆசை சென்னையில் பிறந்தது. அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, கடலுயிர்கள் பற்றி 1890-லேயே எழுதியவர். அவர் காலத்து முயற்சியின் பலனாக மெரினா கடற்கரையில் 1909-ல் கடல்மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. கோரமண்டல் கரையில் பிடித்த மீன்களைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கக் கூட்டம் வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அந்தக் காட்சியகம் மூடப்பட்டது. மெரினாவுக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இன்று அது தெரியும்?

மண்டபத்தின் பக்கத்திலேயே இருக்கும் குருசடைத் தீவும் இந்தக் கதையில் உண்டு. அந்தச் சின்னத் தீவின் கரையோர உயிர்களைப் பட்டியலிட்டு, சென்னை அருங்காட்சியகம் 1927-ல் தனி நூலே வெளியிட்டது. கடலுயிரியல் படித்த பல தலைமுறை மாணவர்களுக்கு அது கோயில் மாதிரியான தீவு.

பிறகு, 1947 பிப்ரவரி 3-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1949-ல் அது மண்டபத்துக்கு வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்து அனுப்பிய முகாமால் ‘கேம்ப்’ என்று பெயர் பெற்ற ஊர், அதன்பின் மீன் ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்றது. தலைமையகம் 1971-ல் கொச்சிக்குப் போய்விட்டது. மண்டபத்தில் மண்டல மையமும், பொதுமக்கள் பார்க்கக்கூடிய மீன் காட்சியகமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன.

எப்படிப் பிடிக்கிறார்கள்?

சேகரிப்பவர் கையாளும் வழிகளில் முதல் வழி, கரைவலைக் கழிசல். யாரும் தனியாகக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. எப்படியும் கரையில் சாகப்போகிற மீனில் சிலவற்றைக் காப்பாற்றுவதால் கடலுக்கு நஷ்டமும் இல்லை.

இரண்டாவது, கூடு. குச்சிகளை வளைத்து முடைந்த மீன் கூடுகள் கீழக்கரை, மண்டபம் பக்கம் பல காலமாகப் புழக்கத்தில் இருக்கின்றன. உள்ளே இரை வைத்து, பாறை ஓரம் இறக்கி, கல் கட்டிவிடுவார்கள். மீன் உள்ளே போகும் வழி குறுகலான புனல் மாதிரி இருப்பதால் திரும்பி வரத் தெரியாது. வலையில் சிக்கிய மீனுக்குச் செதில் உரியும். செவுள் கிழியும். கூட்டில் வந்த மீனுக்கு ஒரு கீறல்கூட இருக்காது. காட்சிக்கு வைக்கக் கூட்டு மீனுக்கு ஈடு இல்லை.

மூன்றாவது, வற்றம். கடல் உள்வாங்கும்போது பாறைப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கும். அங்கே மாட்டிக்கொள்ளும் சின்ன மீன்களைக் கை வலையால் அள்ளுவார்கள்.

எதைச் செய்யக் கூடாது என்பதும் இந்தத் தொழிலில் முக்கியமான பாடம். பிலிப்பைன்ஸில் 1960-களில் இருந்து அலங்கார மீன் பிடிக்க சயனைடு கரைசலைப் பவளப் பாறைக்குள் பீய்ச்சும் பழக்கம் பரவியது. மயங்கி மிதக்கும் மீனை அள்ளிவிடலாம். ஆனால், பிடித்தவர் கையில் உயிரோடு இருந்த மீன், வாங்கியவர் தொட்டியில் சில நாள்களில் செத்தது. பாறையும் செத்தது. மீன் குடியிருந்த வீட்டையே கொளுத்திவிட்டு மீனைப் பிடிப்பதில் என்ன லாபம்?

பிடிக்கிறவருக்கும் ஆபத்து உண்டு. இருங்கெளுத்தியின் முள்ளும் திருக்கையின் வால் முள்ளும் விஷம் உள்ளவை. கல்லோடு கல்லாகக் கிடக்கும் கல்மீனை மிதித்தால் வலி உயிர் போகும். அதனால்தான் பாறைப் பள்ளத்தில் இறங்குபவர்கள் தடித்த அடியுள்ள செருப்பு இல்லாமல் கால் வைப்பதில்லை. மீன் முள் குத்தினால், கை பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் அந்த இடத்தை முக்கிவைத்து, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வாளிக்கும் தொட்டிக்கும் நடுவில்

மீனைப் பிடிப்பது கால் பங்கு வேலைதான். முக்கால் பங்கு, பிடித்த மீனை உயிரோடு தொட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

முதல் எதிரி வெயில். சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். அதனால் வாளி நிழலில் இருக்க வேண்டும், ஏர் பம்ப் ஓட வேண்டும். ஒரு வாளியில் பத்து மீன் போட்டால் பத்தும் சாகும், மூன்று போட்டால் மூன்றும் பிழைக்கும் என்பது அனுபவக் கணக்கு.

இரண்டாவது எதிரி நம் கை. மீனின் உடம்பில் இருக்கும் வழவழப்பு அதற்குத் தோல் மாதிரி. காய்ந்த கையால் பிடித்தால் அந்த வழவழப்பு போய்விடும். அதன் வழியே நோய்க்கிருமி நுழையும். கையை நனைத்துக்கொண்டு, முடிந்தால் கையே படாமல், கிண்ணத்தில் தண்ணீரோடு சேர்த்து மொள்ள வேண்டும்.

மூன்றாவது எதிரி அவசரம். ஆழத்தில் கிடந்த கூட்டைச் சட்டென்று தூக்கினால், மீனின் காற்றுப்பை உப்பி அது வயிற்றை மேலே காட்டி மிதக்கும். மெதுவாகத் தூக்க வேண்டும். தொட்டிக்கு வந்த பிறகும் அப்படியே கவிழ்க்கக் கூடாது. வாளித் தண்ணீரின் உப்பும் சூடும் வேறு, தொட்டித் தண்ணீருடையது வேறு. மெல்லிய குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாளியில் விட்டு, மீனைப் பழக்க வேண்டும். அதன்பிறகும் நேராகக் காட்சித் தொட்டிக்குப் போக முடியாது. சில வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பார்கள். கடலில் மீனோடு சேர்ந்து வந்த ஒட்டுண்ணி, ஒரு காட்சியகத்தையே காலி செய்துவிடும்.

தொலைதூரப் பயணம் என்றால், பிளாஸ்டிக் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன், அதைச் சுற்றி தெர்மாகோல் பெட்டி. பயணத்துக்கு முன் ஒருநாள் மீனுக்குத் தீனி கிடையாது. பட்டினி போடுவது கொடுமை போலத் தெரியும். ஆனால், தின்ற மீன் பையிலேயே கழிவு போடும். அந்தக் கழிவிலிருந்து வரும் அம்மோனியாதான் மீனைக் கொல்லும்.

தொட்டிக்குள்ளும் அதே அம்மோனியாதான் வில்லன். புதிதாகக் கட்டிய தொட்டியில் அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் இருக்காது. அவை ஃபில்டரில் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். தொட்டியைத் தயார் செய்துவிட்டு மீனைத் தேடிப் போக வேண்டும். மீனைப் பிடித்துவிட்டுத் தொட்டியைத் தேடக் கூடாது!

கையில் வந்தும் விட வேண்டிய மீன்

வடக்குக் கடலில் இழுத்த வலையில் கடல் குதிரை வருவது அபூர்வம் அல்ல. பார்த்ததும் யாருக்கும் ஆசை வரும். ஆனால், தொடவே கூடாத பட்டியலில் அது இருக்கிறது.

காய்ந்த கடல் குதிரையை சீன மருத்துவத்துக்காக வாங்குபவர்கள் வெளிநாடுகளில் இருந்ததால், ஒருகாலத்தில் இந்தக் கரையிலிருந்து அது மூட்டை மூட்டையாகப் போனது. 2001-ல் கடல் குதிரையும், அதன் உறவான குழல் மீனும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் இருக்கும் அதே பாதுகாப்பு. கடல் அட்டை, பவளம் ஆகியவற்றுக்கும் தடை உண்டு. பிடித்தாலோ, விற்றாலோ, வைத்திருந்தாலோ மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை. 21 தீவுகளைச் சுற்றிய தேசியப் பூங்காவில் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எடுக்க முடியாது.

இதில் மீனவர்களின் சங்கடமும் இருக்கிறது. வலை ஆள் பார்த்து மீன் பிடிப்பதில்லை. அவர்கள் தேடாமலே கடல் குதிரை வருகிறது, கடல் அட்டை வருகிறது. தாத்தா காலத்தில் அட்டை பொறுக்கிக் குடும்பம் நடத்திய வீடுகள் இந்தக் கரையில் உண்டு. சட்டம் வந்த அன்றே அவர்கள் வீட்டு அடுப்புக்கு வேறு வழி வந்துவிடவில்லை. வலையில் வந்ததை உயிரோடு திரும்பக் கடலில் விடும் ஒவ்வொரு மீனவரும், பணத்தைத்தான் கையிலிருந்து நழுவ விடுகிறார். காட்சியகத்துக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

ஆக, முறையாகச் சேகரிப்பவரின் வாளிக்குக் கடைசியில் வந்து சேர்வது அரிய மீன்கள் அல்ல. சாதாரண மீன்கள். வளைந்த கறுப்புக் கோடுகளோடு, பிடித்தால் ‘கீச்’ என்று சத்தம் போடும் கீச்சான். தண்ணீரை விழுங்கி உப்பும் பேத்தை. முதுகு முள்ளைத் தூக்கிப் பூட்டு மாதிரி நிறுத்திவைக்கும் கிளாத்தி. சந்தையில் இவற்றுக்கு மதிப்பில்லை. ஆனால், கண்ணாடிக்குப் பின்னால் இவை காட்டும் வித்தைகளைப் பார்த்தால் வெளிநாட்டுக் கலர் மீன்கள் தோற்றுவிடும்.

அப்பா காவல் காக்கும் முட்டைகள்

சென்னை கொளத்தூர் கடைகளில் விற்கும் நன்னீர்க் கலர் மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கடல் கலர் மீன்களின் நிலைமை அப்படி அல்ல. உலகச் சந்தையில் அவற்றில் பெரும்பங்கு இன்றும் பவளப் பாறைகளிலிருந்து பிடிக்கப்படுபவைதான். நம் மன்னார் வளைகுடாப் பவளங்களோ 1998, 2010, 2016 என அடுத்தடுத்துக் கடல் வெப்பத்தால் வெளுத்து அடிபட்டவை. அங்கிருந்து எத்தனை மீனைத்தான் அள்ள முடியும்?

இந்தக் கேள்விக்கு மண்டபம் மையம் கண்ட பதில்களில் ஒன்று, கோமாளி மீன் வளர்ப்பு. கடல் சாமந்தியின் கொட்டும் கைகளுக்கு நடுவே பயமில்லாமல் வாழும் அதே மீன். நம் கடலிலும் உண்டு. கரும்பழுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டைகள், மஞ்சள் வால்.

இதன் குடும்பக் கதை சுவாரஸ்யமானது. கோமாளி மீன்கள் எல்லாமே முதலில் ஆணாகத்தான் வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது மட்டும் பெண்ணாகும். அந்தப் பெண் செத்துவிட்டால், அதன் ஜோடியான ஆண் பெண்ணாக மாறிவிடும்! அதனால் ஜோடி சேர்க்க ஆண் எது, பெண் எது என்று தேடி அலைய வேண்டியதில்லை. அளவில் வித்தியாசமான இரண்டு மீன்களைச் சேர்த்து வளர்த்தால் போதும், வீட்டுக்காரம்மா யார் என்பதை அவையே முடிவு செய்துகொள்ளும்.

சுத்தம் செய்த கல்லிலோ ஓட்டிலோ பெண் நூற்றுக்கணக்கில் முட்டை ஒட்டும். அதன்பின் முழுப் பொறுப்பும் அப்பாவுடையது. செவுள் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். கெட்டுப்போன முட்டையைத் தின்று அப்புறப்படுத்தும். சுமார் ஒரு வாரம் கழித்து, இருட்டிய பிறகு முட்டைகள் பொரியும். மிகச் சிறிய அந்தக் குஞ்சுகளுக்கு, அதைவிடச் சிறிய ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரைத் தனியாக வளர்த்து ஊட்ட வேண்டும். இரண்டு வாரம் தாண்டினால் வெள்ளைப் பட்டை தெரியத் தொடங்கும். பட்டை தெரிந்துவிட்டால் பிழைத்தது என்று அர்த்தம்.

பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடலுயிரியல் மையத்திலும் இந்த வளர்ப்பு நடந்திருக்கிறது. கடலிலிருந்து சில ஜோடிகளை மட்டும் எடுத்தால் போதும். அதன்பின் தலைமுறை தலைமுறையாகத் தொட்டியிலேயே குஞ்சு கிடைக்கும். பாறையில் இருப்பவை பாறையிலேயே இருக்கலாம்.

சீட்டு இல்லாத மீன் வெறும் மீன்

காட்சிக்குப் போகாத மீன்கள் ஆய்வுக்குப் போகின்றன. அங்கே மீனைவிட முக்கியமானது, கூடவே கட்டும் ஒரு துண்டுச் சீட்டு. எந்தத் தேதி, எந்தக் கரை, என்ன ஆழம், எந்த வலை, பிடித்தவர் அதை என்ன பெயர் சொல்லி அழைத்தார். இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். ஃபார்மலினில் போட்டால் மீனின் நிறம் போய்விடும் என்பதால், உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்துவிடுவார்கள்.

உள்ளூர்ப் பெயருக்கு ஏன் இவ்வளவு மரியாதை? ஒரே மீனுக்குக் கன்னியாகுமரியில் ஒரு பெயர், ராமேஸ்வரத்தில் வேறு பெயர் என்று இருக்கும். அறிவியல் பெயர் இரண்டையும் இணைக்கிறது. அதே நேரம், ஒரு மீன் எங்கே மேய்கிறது, எந்தக் காற்றில் கரைக்கு வருகிறது, எதற்குக் குத்தும் என்பதெல்லாம் உள்ளூர்ப் பெயரோடு சேர்ந்துதான் வாழ்கிறது. அந்த மீனைப் பார்க்காத தலைமுறை வந்தால் முதலில் பெயர் போகும். பிறகு, மீனே போனாலும் யாருக்கும் தெரியாது. ஒரு கரையில் இன்று என்ன இருக்கிறது என்று எழுதிவைத்தால்தான், நாளைக்கு என்ன காணாமல் போனது என்று சொல்ல முடியும். 1927-ன் குருசடைப் பட்டியல் இன்றைக்கும் மதிப்புப் பெறுவது அதனால்தான்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. வளர்த்து அலுத்துப்போன மீனைக் கடலிலோ குளத்திலோ விடுவது கருணை அல்ல. நம் பக்கத்துக் கடல்களைச் சேர்ந்த சிங்க மீன், 1980-களில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் தென்படத் தொடங்கியது. தொட்டியிலிருந்து வெளியே விடப்பட்டதே காரணம் என்று கருதப்படுகிறது. இன்று கரீபியன் கடல் முழுக்கப் பரவி அங்குள்ள சின்ன மீன்களைத் தின்று தீர்க்கிறது. தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கும் ‘டேங்க் கிளீனர்’ மீன்களும் யாரோ ஒருவர் தொட்டியைக் காலி செய்ததால் வந்தவைதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

ராமேஸ்வரம் போய்த் திரும்பும் குடும்பங்கள் மண்டபம் காட்சியகத்தில் கொஞ்ச நேரம் நிற்கின்றன. பெரியவர்கள் முதலில் தேடுவது தெரிந்த மீனைத்தான். தட்டில் பார்த்த மீனை நீந்தும் நிலையில் பார்ப்பது பலருக்கும் அதுவே முதல்முறை. குழந்தைகளுக்கு அந்தப் பிரச்னை இல்லை. பேத்தை எப்போது உப்பும் என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு காத்திருப்பார்கள்.

காலையில் மணலில் கழிசலாகக் கிடந்த மீன் அது. ஒருவர் சில நிமிடங்கள் முன்னதாக வாளியோடு போனதால் இங்கே நீந்திக்கொண்டிருக்கிறது. அதை ஒருமுறை ரசித்துப் பார்த்துவிட்ட பிள்ளை, அடுத்தமுறை கடற்கரை மணலில் துடிக்கும் பேத்தையைக் காலால் எத்தாது. நனைந்த கையால் எடுத்துத் தண்ணீரில் விடும். ஒரு கண்ணாடித் தொட்டிக்கு இதைவிடப் பெரிய வேலை என்ன இருக்கிறது?

மண்டபம் போகிறீர்களா? இதைக் கவனியுங்கள்!

* ராமேஸ்வரம் செல்லும் ரயில், பேருந்து இரண்டுமே மண்டபம் வழியாகத்தான் போகும். காட்சியகம் திறந்திருக்கும் நாள், நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

* தீவுகளுக்கும் அவற்றைச் சுற்றிய கடலுக்கும் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள்.

* கரைவலை இழுப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் காலையிலேயே கரைக்குப் போய்விடுங்கள். படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கயிற்றைத் தாண்டிக் குறுக்கே நடக்காதீர்கள்.

* பவளத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை என யார் விற்றாலும் வாங்காதீர்கள். வாங்குவதும் குற்றம்.

* காட்சியகத் தொட்டியின் கண்ணாடியைத் தட்டாதீர்கள். உள்ளே இருக்கும் மீனுக்கு அது இடி மாதிரி.